தலைமையாசிரியரின் ஓட்டும் என் மூன்று மாதமும்

எங்கள் தலைமையாசிரியருக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. அதை ஒரு வியாதி என்றே நான் சொல்வேன். ஒரே பீரியடை இரண்டு வாத்தியார்களுக்குக் கொடுத்துவிடுவார். இருவரும் சாக்பீஸோடு ஒரே வகுப்பு வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாழைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். யார் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்மா, பண்ணிடலாம்பா" என்பதுதான் பதில். உத்திரமேரூரில் அவரைத் திட்டாதவர்கள் இல்லை, வெறுத்தவர்களும் இல்லை. நான் ஒருத்தி மட்டும் ஒரு மாசம் வெறுத்தேன்.

அந்த ஹைஸ்கூலில் நான் செகண்டரி கிரேடு டீச்சர். அறுபதுகளின் தொடக்கம் அது. என் நைனா திருப்புலிவனத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். எங்கள் மாதா கோயில் சாமியார் கைகொடுத்ததால் பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் முடித்தேன், பிறகு டீச்சர் டிரெயினிங். அதற்கு மேல் காலேஜில் உட்கார வசதியில்லை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் படித்து பி.ஏ. பரீட்சை எழுத ஆசிரியர்களுக்கு ஒரு வழி இருந்தது. பி.ஏ. இருந்தால்தான் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கலாம். எனக்குச் சரித்திரம் எடுக்க ஆசை. எங்கள் தெருவில் நைனா ஏற்கெனவே "எம் பொண்ணு பி.ஏ. எய்தப் போவுது" என்று ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

விதி என்னவென்றால், விண்ணப்பிக்கும் ஆசிரியர் இத்தனை வருஷம் இடைவிடாமல் பாடம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்கு நடுவில் மூன்று மாசம் விட்டுப்போயிருந்தது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக வேலை. அப்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். தற்காலிக டீச்சருக்கு ஏது லீவு? வேலையை விட்டேன். மூன்று மாசம் கழித்து அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வேறு வேலை தேடினேன்.

என் விண்ணப்பம் போன வேகத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொடர்ச்சியான சேவையில் குறை இருக்கிறது, இதை மன்னிக்கும் அதிகாரம் சிண்டிகேட்டுக்கு மட்டுமே உண்டு, அதன் முன் வைக்கப்படும் என்று இருந்தது. வைக்கப்படும் என்றார்களே தவிர, எப்போது என்று சொல்லவில்லை. நான் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அந்த வருஷப் பரீட்சைக்குப் பணம் கட்டும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியரிடம் போய், "சிண்டிகேட்டுன்னா யாரு சார்? அதுல யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றேன்.

"பண்ணிடலாம்மா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தின் செனட்டுக்குத் தேர்தல் வந்தது. பட்டம் வாங்கியவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தால் அவர்களுக்கு ஓட்டு உண்டு. ஓட்டுச் சீட்டு தபாலில் வரும், தபாலிலேயே அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டதாரிகளே குறைவு. அவர்களிலும் பெயரைப் பதிவு செய்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்தார். அதனால் அவருடைய வீட்டுக்குத் திடீரென்று மாப்பிள்ளை வீட்டு மவுசு வந்துவிட்டது.

முதலில் வந்தவர் காஞ்சிபுரத்து வக்கீல். ஒரு சனிக்கிழமை காலை. நான் கால் பரீட்சை மார்க்குகளைப் பதிவேட்டில் ஏற்ற உதவி செய்வதற்காக அந்த மாசம் சனிக்கிழமைதோறும் தலைமையாசிரியர் வீட்டில்தான் இருப்பேன். வாசலில் கார் நின்றது. கூட வந்தவர் ஒரு தாம்பூலத் தட்டை எடுத்து வந்தார். வெற்றிலை, பாக்கு, ஆறு வாழைப்பழம். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைக் கேட்டுத் தட்டை நீட்டி, எதிராளி அதைக் கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் கேட்பதும் அப்படித்தான், நிலம் பேசுவதும் அப்படித்தான். வாங்கின பிறகு மாறுகிறவனை ஆள் என்று மதிக்க மாட்டார்கள்.

"சார், இது குடவோலை ஊரு. ஒலகத்துக்கே எலெக்ஷன் கத்துக்குடுத்தவங்க நீங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று ஆரம்பித்தார் வக்கீல். ஓட்டுக் கேட்டு எங்கள் ஊருக்கு வருகிற எவனும் கோயில் சுவரில் வெட்டியிருக்கிற அந்தக் கல்வெட்டைச் சொல்லாமல் போனதில்லை. எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். நிலம் இருக்கிறவன், சொந்த மனையில் வீடு இருக்கிறவன், வேதம் படித்தவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகலாம் என்று அதே சுவரில் எழுதியிருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து ஓர் ஓலைகூட அதில் விழுந்திருக்காது. இப்போது நிலத்துக்குப் பதில் பட்டம் கேட்கிறார்கள். பட்டத்தையாவது முட்டி மோதி வாங்கிவிடலாம் என்பதுதான் எனக்கு இருந்த ஆறுதல்.

"ரெண்டு, மூணுலாம் யாருக்கு வேணா போடுங்க. ஒண்ணு மட்டும் எனக்குப் போடுங்க" என்று வக்கீல் தட்டை நீட்டினார். அந்தத் தேர்தலில் முத்திரை குத்துவது கிடையாது. நிற்கிறவர்களின் பெயருக்கு எதிரே நம் விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். 'ஒன்று' ஒருவருக்குத்தான். அந்த 'ஒன்று'க்குத்தான் அத்தனை அலைச்சலும்.

தலைமையாசிரியர் தட்டை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

போகும்போது வக்கீல் என்னைப் பார்த்து, "யாரு பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். நைனா பெயரைச் சொன்னேன். அவர் கூலி வேலை செய்கிற கழனி இந்த வக்கீலுடையதுதான். "அட, நம்ம கழனி ஆளு பொண்ணா! டீச்சரா கீறியா?" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. எனக்குத்தான் அந்த 'நம்ம' பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் செங்கல்பட்டிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தலைமையாசிரியரோடு ஒரே காலேஜில் ஒரே பெஞ்சில் படித்தவர். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டித் தட்டி அரை மணி சிரித்தார்கள். "ஒண்ணு எனக்குத்தான்டா. இதுல இன்னா கேள்வி?" என்று தட்டை நீட்டினார் டாக்டர். இரண்டாவது தட்டும் உள்ளே போயிற்று.

மூன்றாவதாக ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கி மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தார். பட்டணத்தில் ஒரு காலேஜில் புரொபசர். தோளில் ஒரு துணிப்பை, மூக்குக்கண்ணாடி முழுக்க நீர். ஓட்டுக் கேட்க வந்தவர், ஓட்டைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டார். தட்டு கிட்டு எதுவும் கொண்டுவரவில்லை. இந்தப் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியரின் மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. உள்ளே போய், டாக்டர் கொடுத்த தட்டிலேயே புது வெற்றிலை வைத்துக் கொண்டுவந்து புரொபசர் கையில் கொடுத்து, "இத அவருகிட்ட குடுத்து கேளுங்க சார்" என்றார். புரொபசர் ஒன்றும் புரியாமல் அதை வாங்கி அப்படியே தலைமையாசிரியரிடம் நீட்டினார். தன் வீட்டுத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு, "போட்டுடறேன் சார், ஒண்ணு ஒங்களுக்குத்தான்" என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. சிண்டிகேட் யார் என்று அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீச்சரம்மா இதைக் கேட்டாளே என்ற மகிழ்ச்சியோடு விளக்கினார். சட்டசபை போட்ட சட்டத்தால் உண்டானது பல்கலைக்கழகம். கவர்னர்தான் அதற்கு வேந்தர். செனட் என்று ஒரு பெரிய சபை. பதவியின் பேரில் அதில் வருகிறவர்கள் சிலர், வேந்தர் நியமிக்கிறவர்கள் சிலர். சட்டசபையிலிருந்தும் நகரசபைகளிலிருந்தும் காலேஜ்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வருகிறவர்கள் சிலர். பதிவு செய்த பட்டதாரிகள் தபாலில் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் சிலர். அந்தச் சபை வருஷத்தில் எப்போதாவது கூடும். வரவு செலவைக் கேள்வி கேட்கும். ஆனால் அன்றாட அதிகாரம் முழுக்க, துணைவேந்தர் தலைமையில் அடிக்கடி கூடுகிற சின்னச் சபையிடம் இருக்கிறது. அதுதான் சிண்டிகேட். எந்த ஊரில் காலேஜ் திறக்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம், யார் பரீட்சை எழுதலாம், யாருடைய குறையை மன்னிக்கலாம் என்பதெல்லாம் அங்கேதான். அதில் உட்காருகிறவர்களில் சிலரைச் செனட் தன் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுத்து அனுப்பும்.

செனட் எங்கள் ஏரி மாதிரி, சிண்டிகேட் மதகு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஏரி எவ்வளவு பெரிதானாலும் கழனிக்காரன் மதகைத் திறக்கிறவனைத்தான் தேடிப் போவான்.

"என் காகிதம் அங்க கெடக்குது சார்" என்று மூன்று மாசக் கதையைச் சொன்னேன்.

புரொபசர் துணிப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என் விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டார். "நான் உள்ள போனா கேக்கறேம்மா. இந்த மாதிரி காகிதம் நெறைய கெடக்கும். யாராவது ஒருத்தர் எழுந்து கேக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் பஸ் ஏறினதும் நான் தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டேன். "சார், மத்தவங்க எப்படியோ போவட்டும். ஒண்ணு இவருக்குத்தான் போடணும். எனக்காவ."

"போட்டுடறேம்மா" என்றார்.

ஓட்டுச் சீட்டு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. ஒரு முழு மத்தியானம் தலைமையாசிரியர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் உறையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒரு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"புரொபசருக்குத்தானே சார்?"

"ஆமாம்மா. ஒண்ணு போட்டேன்."

அவர் முகம் சரியில்லை. சாக்பீஸ் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் ஒண்ணு போட்டேன்" என்றார். "வக்கீலுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, புரொபசருக்கு ஒண்ணு. மூணு பேர்கிட்டயும் தட்டு வாங்கிட்டேனேம்மா."

"சார், ஒரு ஒண்ணுக்கு மேல போட்டா அந்த ஓட்டு செல்லாது சார். அந்தத் தாள்லயே போட்டுகீதே!"

"தெரியும்மா" என்றார்.

தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். எம்.ஏ., எல்.டி. படித்த மனிதர், விதியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பேனாவில் மை நிரப்பி, தன் ஓட்டைத் தானே கொன்றிருக்கிறார். மூன்று பேரில் யார் எப்போது எதிரே வந்தாலும் 'உனக்கு ஒன்று போட்டேன்' என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்காக.

"உங்க வாக்கு பத்திரமா கீது சார். என் வருஷந்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ, ஒவ்வொருவரையும் எழுப்பிப் பானிபட்டுப் போர் மூன்றையும் ஒப்பிக்க வைத்தேன். அடுத்த ஒரு மாசம் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பேன். அந்த வணக்கத்துக்கு அவர் ஒவ்வொரு முறையும் சற்றுச் சுருங்கிப்போவார். எனக்கு அது திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

முடிவு வந்தது. வக்கீல் ஜெயித்தார், டாக்டரும் ஜெயித்தார். புரொபசர் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். இவர் ஒரு ஓட்டால் அது மாறியிருக்காது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த ஒரே ஓட்டால்தான் தோற்றார் என்று சத்தியம் செய்திருப்பேன்.

பத்து நாள் கழித்துப் புரொபசரிடமிருந்து தலைமையாசிரியருக்கு ஒரு கார்டு வந்தது. அவருடைய மனைவி அதை என்னிடம் காட்டினார். 'மழையில் வந்த முன்பின் தெரியாதவனுக்குக் காப்பி கொடுத்து முதல் ஓட்டையும் கொடுத்தீர்கள். வெற்றி இல்லாவிட்டாலும் அந்த ஓட்டை மறக்க மாட்டேன். அந்த டீச்சரம்மாவின் காரியத்தைச் செய்ய முடியாமல் போனதுதான் வருத்தம்' என்று எழுதியிருந்தார்.

"இத படிச்சதுலேர்ந்து சரியா சாப்பிடறதே இல்லம்மா. சோத்துல கைய வெச்சிக்கினு அப்படியே ஒக்காந்துகீறாரு" என்றார் அந்த அம்மா. எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கிற்று. கொஞ்சந்தான்.

அதற்குள் செனட் கூடி, வக்கீலைச் சிண்டிகேட்டுக்கும் தேர்ந்தெடுத்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. மறுநாள் காலை தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். "ஒன் கடுதாசி நகல் இருந்தா குடும்மா. காஞ்சிபுரம் போய்ட்டு வரேன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். வக்கீல் வீட்டுக் கூடம் நிறைய ஆட்களாம். இவரைப் பார்த்ததும் வக்கீல் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சார், நீங்க போட்ட ஒண்ணுதான் என்னைக் கரையேத்துச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். இவர் அந்த ஓட்டைக் கெடுத்ததே இப்படி ஒரு நிமிஷத்துக்காகத்தானே!

"முடியலம்மா" என்றார் தலைமையாசிரியர். "அந்த கார்டு ஞாபகம் வந்திச்சு. 'இல்லிங்க, ஒங்களுக்கும் ஒண்ணு போட்டேன், இன்னும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு போட்டேன். அது செல்லாத ஓட்டு. ஒங்ககிட்ட எதையும் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா கேக்கத்தான் வந்திருக்கேன்'னு சொல்லிட்டேன்."

அதைக் கேட்டு வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். "ஒண்ணு போட்டேன்னு சொன்னவங்கல்லாம் நெசமாவே போட்டிருந்தா, நான் ஒருத்தனே எல்லா சீட்டையும் ஜெயிச்சிருக்கணும் சார். போடலன்னு சொல்ல பஸ் ஏறி வந்தவரு நீங்க ஒருத்தர்தான். குடுங்க காகிதத்த."

படித்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு பொண்ணு காரியமா? இத அவனே வந்து எங்கிட்ட கேக்கக்கூடாதா?" என்றாராம்.

"அதுக்கு நீங்க இன்னா சார் சொன்னீங்க?"

"அவரு வந்தா இந்தக் கூடத்துக்குள்ள வுட மாட்டீங்களேன்னு சொன்னேன்."

யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மனிதர், காஞ்சிபுரத்துக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! வக்கீல் முகம் சிவந்துபோனதாம். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டாராம். "டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லி டீ வரவழைத்தாராம்.

"இன்னிக்காவது சரியா சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். ஒரு மாசத்துக்குப் பிறகு நான் அவருக்காகக் கேட்ட முதல் கேள்வி அது.

வக்கீல் அங்கே எழுந்து பேசினாரா, இல்லை என் காகிதம் அதன் முறைக்குத் தானாகவே மேலே வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பணம் கட்டக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் உறை வந்தது. இங்கிலீஷில் இரண்டே வரி. பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு திருப்புலிவனத்துக்கு நடந்தேன், நடந்தேன் என்று சொல்வது தப்பு, பாதி தூரம் ஓடினேன்.

நைனா கழனியிலிருந்து வந்து, கிணற்றடியில் காலில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்ச்சி நைனா! பி.ஏ. எய்தலாம்னு பெரிய சபையில முடிவு பண்ணிட்டாங்க!"

"படி, படி. இன்னா போட்டுகீதுன்னு முயுசா படி" என்றார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார், மாதா கோயிலில் வேதம் வாசிக்கும்போது நிற்கிற மாதிரி.

இங்கிலீஷில் ஒரு தரம் படித்தேன். அப்புறம் தமிழில் சொன்னேன். "நான் மூணு மாசம் வேலைக்குப் போவாம இருந்தேனில்ல, அந்தக் குறைய சிண்டிகேட்டு மன்னிச்சிட்ச்சாம்."

"எந்த மூணு மாசம் கண்ணு? ஆஸ்பத்திரியில, வூட்ல, நீ அம்மாகூட இருந்தியே, அதுவா?"

"ஆமா நைனா."

"அதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.